சூரியன் கோவில் எல்லாம் ஏன் இடிஞ்சு கெடக்கு, கோனார்க்ல அர்ச்சனை பண்ண முடியுமா?

நீங்க கேட்டது மேலோட்டமா பார்த்தா டூர் கேள்வி மாதிரி இருக்கு. அப்பாவைக் கூட்டிட்டு ரயில்ல புவனேஸ்வர், பூரி போறீங்க, கோனார்க்ல தன் பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணணும்னு அவர் ஆசைப்படுறார், நெட்ல தேடினா அங்க பூஜையே இல்லைன்னு வருது, குஜராத் மோதேரா சூரியன் கோவில்லயும் இல்ல, காஷ்மீர் மார்த்தாண்ட் சூரியன் கோவில்லயும் இல்ல, போதாக்குறைக்கு உங்க ஊர் ஜோசியர் வேற 'சூரியனுக்குத் தனிக் கோவில் கட்டினா நிலைக்காது, அவரோட உக்கிரம் தாங்காது'ன்னு சொல்லி அனுப்பிட்டார். ஆக நீங்க உண்மையில கேக்குறது, இந்தக் கோவில்கள்ல பூஜை ஏன் நின்னுச்சு, எல்லாத்துக்கும் சேர்த்து சாபம் மாதிரி ஒரே காரணம் இருக்கான்னுதான். நான் தொல்லியல் படிச்சவன், பழைய கோவில் பாக்க வர்ற குரூப்புகளைக் கூட்டிட்டுப் போய் விளக்கிச் சொல்றது பல வருஷமா என் தொழில். அதனால கல்லு, கல்வெட்டு, சிலை அளவுல தைரியமா சொல்லுவேன். அப்பா ஜாதகத்துல சூரியன் எங்க உக்காந்திருக்கார், என்ன பரிகாரம்ங்கிறதெல்லாம் என் ஏரியா இல்ல, அதை என்கிட்ட கேக்காதீங்க.

முதல்ல அந்த 'எந்த சூரியன் கோவிலும் பூஜைல இல்ல'ங்கிறதே தப்பு. நெட்ல சூரியன் கோவில்னு அடிச்சா முதல்ல வர்றது எல்லாம் தொல்லியல் துறை நீலக்கலர் போர்டு வச்ச இடம், டிக்கெட் வாங்கி உள்ள போற இடம், அதனால இடிஞ்சதுதான் நம்ம கண்ணுல படுது. ஆந்திராவுல ஸ்ரீகாகுளம் பக்கத்துல அரசவல்லி சூரியநாராயண சுவாமி கோவில்ல தினசரி பூஜை ஜாம் ஜாம்னு நடக்குது, ரதசப்தமி அன்னைக்கு அந்தப் பக்கம் போனா கால் வைக்க இடம் கிடைக்காது. பீகார்ல அவுரங்காபாத் மாவட்டத்துல தேவ்னு ஒரு ஊர், அங்க மேற்குப் பாத்த சூரியன் கோவில், வடக்கே சூரியனுக்குன்னு எடுக்குற சட் பூஜைக்கு லட்சக்கணக்குல ஜனம் வருது. ஒடிசாவுலயே கஞ்சாம் மாவட்டம் புகுடாவுல பிரஞ்சி நாராயணர்ங்கிற பேர்ல சூரியன் இருக்கார், அந்தக் கோவில் சுவர் ஓவியத்துக்குப் பேர் போனது. நம்ம ஆடுதுறை பக்கத்து சூரியனார் கோவிலைச் சொல்லவே வேணாம். இதுல எதுவும் காலண்டர் படமா வர்றதில்ல, அவ்வளவுதான். கோனார்க்குக்கு 10 ரூபா நோட்டுலயே இடம் கொடுத்துட்டாங்க, பாவம் அரசவல்லி என்ன பண்ணும்.

சரி, கோனார்க்குக்கு வருவோம். உறுதியா தெரிஞ்சதை முதல்ல சொல்றேன். கீழைக் கங்க அரசன் முதலாம் நரசிம்மதேவன் 13ஆம் நூற்றாண்டு நடுவுல, 1250ஐ ஒட்டி கட்டினது. அவன் வம்சத்துச் செப்பேட்டுலயே கோணாகோணங்கிற இடத்துல சூரியனுக்குப் பெரிய கோவில் எடுத்தான்னு பதிவு இருக்கு. 24 சக்கரம், 7 குதிரை பூட்டின தேர் வடிவம். நீங்க இன்னைக்கு போட்டோவுல பாக்குற அந்தக் கூம்பு வடிவ பெரிய கட்டடம் கருவறை இல்ல, அது முன்மண்டபம், ஒடியாவுல ஜகமோகனம்னு சொல்லுவாங்க. அதுக்குப் பின்னாடி அதை விட ரொம்ப உயரமா நின்ன விமானம்தான் மூலஸ்தானம், அது விழுந்துருச்சு. 1837ல ஃபெர்குசன்ங்கிற கட்டடக்கலை ஆய்வாளர் வந்து படம் வரைஞ்சப்போ அதுல ஒரு மூலை மட்டும் இன்னும் உயரமா நின்னுச்சு, 1848ல அடிச்ச புயல் காத்துல அதுவும் போச்சு. மிச்சம் இருந்த ஜகமோகனமும் சாய்ஞ்சுடக் கூடாதுன்னு 1903ல வெள்ளைக்காரங்க உள்ள முழுக்க மணலைக் கொட்டி நாலு வாசலையும் கல்லு வச்சு அடைச்சுட்டாங்க, அதைச் சொல்ற இங்கிலீஷ் கல்வெட்டு ஒண்ணும் அங்கயே பதிச்சிருக்கு. மணலை எடுக்கணும்னு பல வருஷமா பேச்சு ஓடுது. ஆக கருவறைக்குக் கூரை இல்ல, மண்டபத்துக்குள்ள காலடி வைக்க முடியாது, மூலவரும் பீடத்துல இல்ல. அப்புறம் அர்ச்சனை எங்க பண்றது, யாருக்குப் பண்றது?

இப்போ சந்தேகமான விஷயங்கள். விமானம் ஏன் விழுந்துச்சுன்னு கேட்டா ஆளாளுக்கு ஒரு கதை வச்சிருக்காங்க. 1568ல வங்காளப் படையோட வந்த காலாபஹாட்ங்கிற தளபதி இடிச்சான்னு பூரி கோவில் ஏடு சொல்லுது. அவன் வந்து ஏதோ சேதம் பண்ணியிருக்கலாம், ஆனா முழுசா இடிச்சான்னு நான் நம்பல, ஏன்னா அதுக்கு அப்புறம், அக்பர் காலக் கடைசியில எழுதின அவரோட அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் இந்தக் கோவிலைப் பாத்தவங்க வாயடைச்சுப் போறாங்கங்கிற மாதிரி வர்ணிச்சிருக்கார், இடிபாட்டை யாரும் அப்படி வர்ணிக்க மாட்டாங்க. உச்சியில ஒரு பெரிய காந்தக் கல் இருந்துச்சு, கடல்ல போற கப்பலை எல்லாம் இழுத்துச்சு, அதைப் போர்த்துகீசியர் பிடுங்கினதும் கோவில் சரிஞ்சுதுங்கிறது கைடுங்களுக்குப் பிடிச்ச கதை. இரும்பு உத்தரம் இருந்தது உண்மை, பெரிய பெரிய இரும்புக் கட்டை அங்க வளாகத்துலயே கெடக்கு, போய் கையால தட்டிப் பாருங்க. காந்தத்துக்கு மட்டும் ஆதாரம் ஒண்ணும் கிடையாது. சக்கரம் சூரியக் கடிகாரம், ஆரக்கால் நிழலை வச்சு நிமிஷக் கணக்குல நேரம் சொல்லலாம்னு கைவிரலை நீட்டிக் காட்டுவாங்க, பாக்க ஜோராத்தான் இருக்கும், ஆனா அந்த நோக்கத்தோடதான் செதுக்கினாங்கன்னு பழைய ஏடு எதுவும் சொல்லல. என்னைக் கேட்டா காரணம் ரொம்ப சாதாரணமானது. கட்டின கல்லு கோண்டலைட், பக்கத்துல கிடைக்கும், செதுக்க லகுவா இருக்கும், ஆனா உப்புக் காத்துக்கும் மழைக்கும் சீக்கிரம் அரிச்சுப் பொடிஞ்சு போயிரும். அந்த அளவு கனம், மணல்பாங்கான தரை, அடிக்கடி வர்ற புயல், மேல செடி முளைச்சா பிடுங்க ஆள் இல்லாத சில நூறு வருஷம், இது போதும்.

இன்னொண்ணு, கோவில் முடிக்கவே இல்ல, அதனால பூஜையே நடக்கலன்னு ஒரு கட்சி உண்டு. அது நிக்காது. அதே வளாகத்துல பின்பக்கம் மாயாதேவி கோவில்னு ஒண்ணு இருக்கு, அது பெரிய கோவிலை விடப் பழசு, அதுவும் முதல்ல சூரியன் கோவிலாத்தான் இருந்திருக்கணும்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க. அதாவது நரசிம்மன் வெறும் மணல்மேட்டுல போய் கட்டல, ஏற்கனவே கும்பிட்டுட்டு இருந்த இடத்துல பெருசா கட்டியிருக்கான். வாசல்ல நின்ன அருண ஸ்தம்பத்தை 18ஆம் நூற்றாண்டுல மராட்டியர் ஆட்சியில பெயர்த்துக் கொண்டு போய் பூரி ஜகந்நாதர் கோவில் சிங்க வாசல் முன்னாடி நட்டுட்டாங்க. நீங்க பூரி போனதும் முதல்ல பாக்கப் போறது அந்தத் தூணைத்தான், உச்சியில உக்காந்து கும்பிட்டுட்டு இருக்கிறவர் அருணன், சூரியனோட சாரதி. மூலவரும் பூரிக்குத்தான் போனார்னு சொல்றாங்க, அது வெறும் வாய்வழிச் செய்திதான்.

மோதேரா கதை வேற. குஜராத்துல புஷ்பாவதி ஆத்தங்கரை, சோலங்கி அரசன் முதலாம் பீமன் காலம். கருவறைப் பின்சுவர்ல விக்கிரம ஆண்டு 1083ன்னு, அதாவது நம்ம கணக்குல 1026-27, ஒரு தேதி தலைகீழா செதுக்கியிருக்கு. கட்டின வருஷம்னு பலர் எடுத்துக்குறாங்க, தலைகீழா இருக்கிறதால அது கஜினி முகமது சோமநாதபுரம் போன வழியில நடந்த சேதத்தைக் குறிக்குது, கல்லைத் திரும்ப எடுத்து வச்சுக் கட்டியிருக்காங்கன்னு இன்னொரு தரப்பு. எனக்கு ரெண்டாவது கொஞ்சம் சரியா படுது, ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். அங்க போனா எல்லாரும் அந்தப் படிக்குளத்துல நின்னு செல்ஃபி எடுத்துட்டு வந்துருவாங்க, படியில சின்னச் சின்னதா நூத்துக்கு மேல சன்னதி இருக்கிறதால அதுவும் நியாயம்தான். நான் கூட்டிட்டுப் போறவங்களை மட்டும் கோவில் வெளிச்சுவர்கிட்ட நிறுத்தி சூரியன் சிலையோட காலைப் பாக்கச் சொல்லுவேன். பூட்ஸ்! முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் மூடின காலணி, இடுப்புல ஒரு தனி மாதிரி கச்சை. வேற எந்த சாமிக்காவது பூட்ஸ் போட்டு பாத்திருக்கீங்களா? கோனார்க்லயும் விமானத்தோட மூணு பக்கத்துலயும் பச்சைக் கறுப்புக் கல்லுல ஆளுயரத்துக்கு மேல நிக்கிற சூரியன் இருக்கார், படி ஏறிப் போய் பாருங்க, வடக்குப் பக்கத்தவர் மட்டும் குதிரை மேல உக்காந்திருப்பார், அவருக்கும் பூட்ஸ்தான்.

உங்க கேள்விக்கு உண்மையான பதில் அந்தப் பூட்ஸ்லதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன். ஜோதிட, வானியல் அறிஞர் வராகமிகிரர் 6ஆம் நூற்றாண்டுலயே சூரியனை வடநாட்டார் உடையில, காலிலிருந்து மார்பு வரைக்கும் மூடி செய்யணும்னு இலக்கணம் எழுதி வச்சிருக்கார், சூரியன் சிலையைப் பிரதிஷ்டை பண்ண வேண்டியவங்க மகர்கள்னும் சொல்றார். இந்த மகர்கள் யார்னா, ஈரான் பக்கத்துல இருந்து வந்த பூசாரிக் கூட்டம். சாம்ப புராணத்துக் கதை, கிருஷ்ணரோட மகன் சாம்பனுக்குக் குஷ்டம் வந்துச்சு, சூரியனைக் கும்பிட்டுக் குணமாச்சு, சந்திரபாகா ஆத்தங்கரையில கோவில் கட்டினான், பூஜைக்கு இங்க உள்ள பிராமணர் கிடைக்கல, சாகத்தீவுல இருந்து மகர்களைக் கூட்டிட்டு வந்தான். புராணம்தான், தேதி போட முடியாது, ஆனா உடையும் கச்சையும் சிற்பத்துல அப்படியே கல்லுல நிக்கிறதால பின்னாடி ஒரு நிஜம் இருக்குன்னு எடுத்துக்கலாம். அதே புராணத்துல இன்னொரு விஷயமும் வருது, ஆதியில சூரியனுக்குச் சிலையே கிடையாது, வெறும் வட்டமா, மண்டலமா வரைஞ்சு கும்பிட்டாங்க, சிலை பின்னாடி வந்ததுன்னு. அதாவது நம்ம ஆளுங்களுக்குச் சூரியனைக் கும்பிடக் கோவில் எப்பவுமே கட்டாயமா இருந்ததில்ல. ஆத்துல இறங்கிக் கையால தண்ணி அள்ளி அர்க்கியம் விட்டா முடிஞ்சுது. கோவில், சிலை, அதுக்குன்னு தனிப் பூசாரி, இது எல்லாம் சேர்ந்த ஏற்பாடு ராஜாக்களையும் பணக்கார வணிகக் குழுக்களையும் நம்பி இருந்துச்சு.

அதுக்கு அத்தாட்சி வேணும்னா மத்தியப் பிரதேசத்து மந்தசோர் கல்வெட்டு. குஜராத் பக்கத்துல இருந்து குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் சங்கம் ஒண்ணு கி.பி. 436ல அங்க சூரியனுக்குக் கோவில் கட்டினாங்க, அது சேதமாச்சு, 473ல அவங்களே திரும்பச் செப்பனிட்டாங்க, எல்லாத்தையும் வத்ஸபட்டிங்கிற கவிஞரை வச்சு சமஸ்கிருதத்துல பாட்டா எழுதிக் கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. ஹர்ஷரோட அப்பா பிரபாகரவர்தனர் பரம ஆதித்ய பக்தர்னு செப்பேடு சொல்லுது. காஷ்மீர்ல லலிதாதித்யன் 8ஆம் நூற்றாண்டுல மார்த்தாண்ட் கட்டினான், சுத்தி 84 தூண் வச்ச திருச்சுற்று, அந்த மேட்டுல நின்னா பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். அதை 15ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல காஷ்மீர் சுல்தான் சிக்கந்தர் ஷா இடிச்சார்ங்கிறது மரபு, நிலநடுக்கமும் பங்கு எடுத்திருக்கணும்னு கட்டடத்தைப் பாத்தவங்க சொல்றாங்க.

எல்லாத்துக்கும் தாய்க்கோவில்னு சொல்லத்தக்கது முல்தான், இப்போ பாகிஸ்தான்ல. 7ஆம் நூற்றாண்டுல சீன யாத்திரிகர் யுவான் சுவாங் போய் பாத்துட்டுத் தங்கச் சிலைன்னு எழுதினார். 712ஐ ஒட்டி அரபுகள் அந்த ஊரைப் பிடிச்சப்போ சிலையை உடைக்கல, ஏன்னா யாத்திரைக் கூட்டத்தால வர்ற காசு கொஞ்சநஞ்சம் இல்ல. அதை விடத் தமாஷ், இந்து ராஜா யாராவது படையெடுத்து வந்தா 'கிட்ட வந்தா சிலையை உடைச்சுடுவோம்'னு மிரட்டுவாங்களாம், வந்தவன் திரும்பிப் போயிருவானாம், அரபு புவியியல்காரங்களே எழுதி வச்சிருக்காங்க. பத்தாம் நூற்றாண்டுல வேற ஒரு கோஷ்டி கைக்கு ஊர் மாறினப்போதான் சிலை உடைஞ்சுது, 11ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்பெரூனி அதைப் பத்தி விவரமா சொல்றார், மரச்சிலை, சிவப்புத் தோல் போர்த்தி, கண்ணுக்கு ரெண்டு மாணிக்கம். சாபம் அது இதுன்னா அத்தனை நூறு வருஷம் எப்படி நின்னுச்சு?

ஆக படையெடுப்பு ஒரு காரணம், ஆனா அது மட்டும் இல்ல. சோமநாதபுரமும் இடிஞ்சுது, காசியும் இடிஞ்சுது, திரும்பத் திரும்பக் கட்டினாங்களே. சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்த தலைமுறையில 'இது எங்க கோவில்'னு சண்டை போட்டுக் கட்ட ஊர் ஊரா ஆள் இருந்துச்சு. சூரியனுக்குன்னு இருந்த சௌர சமயம் அதுக்குள்ள கரைஞ்சு போச்சு, சூரியன் சூரியநாராயணரா பெருமாள் பக்கம் போயிட்டார், இன்னொரு பக்கம் நவக்கிரக மேடையில ஒம்போது பேர்ல ஒருத்தரா உக்காந்துட்டார். கோவில் விழுந்தப்போ எடுத்து நிறுத்த உரிமைக்காரன் இல்ல. இதை நான் உறுதியா சொல்லல, பொருத்தமா படுற விளக்கம்னு எடுத்துக்கோங்க. இதுக்கு மேல இன்னைய நடைமுறை ஒண்ணு, பாதுகாக்கப்பட்ட சின்னமா எடுக்குறப்போ வழிபாடு இல்லாத இடத்துல புதுசா வழிபாடு ஆரம்பிக்கத் தொல்லியல் துறை விடுறதில்ல. 2022ல மார்த்தாண்ட் இடிபாட்டுல பூஜை பண்ணினப்போ அது பெரிய சர்ச்சையே ஆச்சு. ஒருவேளை கோனார்க் ஜகமோகனத்துல மணலை எடுத்தாலும் மணி அடிக்கப் போறதில்ல.

நம்ம பக்கத்துக் கதையையும் சொல்லிடுறேன், ஏன்னா ஜோசியர் சொன்னது அங்க இருந்துதான் கிளம்பியிருக்கும்னு ஒரு ஊகம். தமிழ்ல சூரியன் கோவில் புதுசு இல்ல, சிலப்பதிகாரத்துல புகார் நகரக் கோவில்களை வரிசையா சொல்றப்போ உச்சிக்கிழான் கோட்டம்னு வருது, அது சூரியன் கோவில்தான். ஆனா இன்னைக்கு நிக்கிற தனிக்கோவில்னா சூரியனார் கோவில், முதலாம் குலோத்துங்கன் காலம், கல்வெட்டுல குலோத்துங்க சோழ மார்த்தாண்டாலயம்னு பேர். வடக்கே கன்னோஜியில ஆண்ட ககடவால ராஜாக்கள் சூரியனைக் கும்பிட்டவங்க, அவங்களோட தொடர்பால இதைக் கட்டினான்னு ஒரு கருத்து இருக்கு, கங்கைகொண்டசோழபுரத்துல அவங்க கல்வெட்டுத் துண்டு ஒண்ணு இருக்கிறதால அது வெறும் கற்பனை இல்ல. அங்க சூரியன் தன் மனைவியர் உஷா, பிரத்யுஷாவோட மேற்குப் பாத்து நிக்கிறார், பூட்ஸ் கிடையாது, வெறுங்கால், ரெண்டு கையையும் தோள் வரைக்கும் தூக்கித் தாமரை பிடிச்சிருப்பார், தென்னாட்டு சூரியன்னா அப்படித்தான். எதிர்ல குரு நிக்கிறார், அவர் பார்வையில உக்கிரம் தணியுதுன்னு அங்க ஒரு விளக்கம் சொல்லுவாங்க. இந்த உக்கிரம்தான் வாய்மாறி வாய்மாறி 'கோவில் நிலைக்காது'ன்னு ஆயிருச்சு போல. நிலைக்காதுன்னா அந்தக் கோவிலே 900 வருஷமா எப்படி நிலைச்சுது?

கூடவே ஒரு கொசுறு. தாராசுரத்துல ரெண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டுலயே சக்கரமும் குதிரையும் வச்சு மண்டபத்தைத் தேர் மாதிரி கட்டிட்டான், கோனார்க்குக்கு சுமார் 100 வருஷம் முன்னாடி. கோனார்க் கட்டின நரசிம்மனோட முன்னோர் அனந்தவர்மன் சோடகங்கன், அவன் அம்மா ராஜசுந்தரி சோழ இளவரசி, பேர்லயே சோழம் இருக்கு பாருங்க. அதனால தேர் யோசனை இங்க இருந்து அங்க போச்சான்னு கேட்டா, போயிருக்கலாம், நிரூபணம் இல்ல. சோழன் சொல்லிக் கொடுத்துத்தான் கோனார்க்னு வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் வந்தா மட்டும் தயவுசெஞ்சு நம்பாதீங்க, ஒடிசா ஆளுங்க கட்டின விதம், கோபுர அமைப்பு எல்லாமே முழுக்க அவங்களோடது.

இனி அப்பா விஷயம். கோனார்க்ல அவர் ஆசை முழுசா வீண் போகாது. ஜகமோகனத்துக் கிழக்கு வாசல் மேல இருந்த நவக்கிரகக் கல், ஒரே நீளப் பாறை, ஒம்போது பேரும் வரிசையா உக்காந்திருப்பாங்க, கேதுவுக்கு மட்டும் இடுப்புக்குக் கீழ பாம்பு வால். அதைக் கல்கத்தா மியூசியத்துக்குக் கொண்டு போக வெள்ளைக்காரன் காலத்துல முயற்சி பண்ணி, கனம் குறையட்டும்னு நீளவாக்குல ரெண்டா அறுத்தும் கொஞ்ச தூரத்துக்கு மேல நகர்த்த முடியாம விட்டுட்டாங்க. இப்போ அது வளாகத்தை ஒட்டி ஒரு சின்னக் கட்டடத்துல இருக்கு, அங்க பூஜை நடக்குது, பூசாரி இருப்பார், பேர் நட்சத்திரம் சொல்லி அவர்கிட்ட செஞ்சுக்கலாம். விடியக்காலையில போனா முதல்ல பக்கத்துல சந்திரபாகா கடற்கரைக்குப் போயிட்டு வாங்க, தை, மாசியில வர்ற மாக சப்தமிக்கு அங்க குளிக்கிறதுக்குன்னே பெரிய கூட்டம் கூடும், மத்த நாள்ல நிம்மதியா நின்னு அர்க்கியம் விடலாம். முறைப்படி கருவறை, மூலவர், அர்ச்சனை, தீபாராதனைதான் வேணும்னு அவர் அடம்பிடிச்சா திரும்பி வர்றப்போ ஸ்ரீகாகுளம் ரோடு ஸ்டேஷன்ல இறங்கிருங்க, சென்னை-ஹவுரா மெயின் லைன்லதான் இருக்கு, அங்க இருந்து அரசவல்லிக்கு ஆட்டோ கிடைக்கும். மார்ச், அக்டோபர்ல சில நாள் காலைல வெயில் நேரா மூலவர் கால்ல விழும்னு ஏகப்பட்ட பேர் வருவாங்க, மேகம் இருந்தா ஏமாந்துதான் திரும்பணும், அதுனால அந்தத் தேதிக்காகப் பிளானை மாத்த வேணாம். ஞாயித்துக்கிழமையை மட்டும் தவிர்த்துருங்க, வயசானவரை வச்சுக்கிட்டு அந்த கியூவுல நிக்க முடியாது.